டிப் டீயும் கலவைத் தூளும்: குடித்துப் பார்த்துத் தரம் சொல்வது எப்படி?

கோத்தகிரி ஹோம்ஸ்டே எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகும் வழியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. அறையில் கெட்டில், டிப் டீ, சர்க்கரை, பால் பவுடர் பொட்டலம் வைக்கிறோம். காலையில் சமையலறையிலிருந்து பால் ஊற்றிக் கொதிக்கவைத்த டீ தனியாகப் போகும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அறையில் இருக்கும் டீதான் தலைவலி. போன சீசனில் வந்த ஒரு பெரியவர் ஜன்னலைக் காட்டி, "கண்ணுக்கு எட்டின வரைக்கும் தேயிலை, கப்புல மட்டும் வெந்நியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதில் தப்பில்லை.

சரி, நாமே குடித்துப் பார்த்து ஒன்றை முடிவு செய்வோம் என்று நாலு விதம் வாங்கினேன். கடைப் பெயர், கம்பெனிப் பெயர் எதுவும் வேண்டாம் என்பதால் அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்கிறேன்.

அ: டிவி விளம்பரத்தில் வரும் பெரிய கம்பெனியின் சாதா டிப் டீ. நல்ல நிறம், நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று பிடிக்கிறது. ஆனால் பால் ஊற்றாமல் வைத்திருந்த கப் ஆறியதும் கலங்கி, அரிசி கழுவின தண்ணீர் போல் ஆகிவிட்டது. ஏதாவது கலப்படமோ என்று சந்தேகம்.

ஆ: நம் மலை எஸ்டேட் ஒன்றின் ஆர்த்தோடாக்ஸ் டீ, முக்கோணப் பையில். விலை அ-வைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வெறும் டீயாகக் குடித்தால் பூ வாசனை, தொண்டையில் இதமாக இறங்குகிறது. பால் பவுடர் போட்டதும் ஆளே காணோம்.

இ: சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்தது. பையைத் தண்ணீரில் விட்ட மாத்திரத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. குடித்தால் ஒன்றுமில்லை.

ஈ: ஊட்டியில் டூரிஸ்ட் கடையில் வாங்கிய ஏலக்காய் டீ. மேலுறை இல்லாமல் பைகளை மொத்தமாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். முதல் வாய் ஏலக்காய், அதற்கு அப்புறம் ஏதோ மருந்து வாசனை.

சாயம் இறங்கியதும் பையை எடுத்துவிட்டு, சர்க்கரை போட்டு ஒரு தடவை, பால் பவுடரோடு ஒரு தடவை என்று குடித்தேன். என் வீட்டுக்காரருக்கு எல்லாமே "நல்லாத்தான் இருக்கு." அவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சமையலறைக்கும் ஒரே தூளாக நிலைப்படுத்த நினைக்கிறேன். ரேஷன் கடை ஊட்டி டீ, பெரிய கம்பெனி கலவைத் தூள், ஃபேக்டரியிலிருந்து எடைபோட்டு வாங்கும் தூள் என்று மாற்றி மாற்றிப் போகிறது. தொழில் தெரிந்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

குன்னூர் பழைய ஆள் எழுதியது:

வணக்கம்மா. நான் டேஸ்டர் இல்லை. குன்னூரில் ஒரு புரோக்கர் ஆபீஸ் டேஸ்டிங் ரூமில் கப் வைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1963-இலிருந்து இங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. வாரா வாரம் ஏலத்துக்கு முன்னால் ஃபேக்டரி சாம்பிள்கள் வந்து குவியும். அவற்றை நிறுத்து, மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் குவளையில் கொட்டி, கொதிநீர் ஊற்றி, மணி அடித்ததும் கிண்ணத்தில் வடித்து வரிசையாக வைக்க வேண்டும். டேஸ்டர் கரண்டியில் மொண்டு சர்ரென்று காற்றோடு உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு ஒரே வார்த்தை சொல்லி நகர்வார். அந்த வார்த்தையில் ஒரு ஃபேக்டரிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் ஏறும், இறங்கும். அவர் நகர்ந்த பிறகு நாங்களும் கரண்டி போட்டுப் பார்ப்போம். அப்படிப் பழகிய நாக்குதான் என்னுடையது.

உங்கள் குறிப்புகளைப் படித்தேன். நாக்கு நன்றாகவே வேலை செய்கிறது, கப் வைத்த விதம்தான் சரியில்லை. சாயம் இறங்கியதும் பையை எடுத்தால் எல்லா டீயும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் வந்து நிற்கும், பிறகு எதை ஒப்பிடுவது? டேஸ்டிங் ரூமில் மூன்றை மட்டும் மாற்றவே மாட்டோம்: எடை, தண்ணீர், நேரம். ஐஎஸ்ஓ 3103 என்று உலக அளவில் ஒரு முறை இருக்கிறது, 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். எங்கள் ரூமில் 5 நிமிடம்தான். நீங்கள் ஐந்தோ ஆறோ எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாக் கப்புக்கும் அதே நேரம். இவ்வளவு கடுப்பாக யாரும் குடிக்க மாட்டார்கள்தான். ஒளித்து வைத்த குறையெல்லாம் அந்தக் கடுப்பில்தான் வெளியே வரும்.

இந்த அளவைச் சொல்லும்போதே கேட்டுவிடுகிறேன், உங்கள் அறையில் வைக்கும் மக் எத்தனை மில்லி? ஒரு பையில் இருப்பது பெரும்பாலும் 2 கிராம். இருநூறு மில்லிக்கு மேல் போனால் எந்த டீயும் அந்தப் பெரியவர் சொன்ன வெந்நிதான்.

இன்னொன்று, நாம் இருக்கும் உயரம். கோத்தகிரியில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. கீழே சமவெளியில் மூன்று நிமிடத்தில் இறங்கும் பை, இங்கே நாலு ஐந்து நிமிடம் கேட்கும். கெட்டில் அணைந்த உடனே, பையின் மேல் நேராகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு பையைப் பிரித்து மிதக்கவிட்டால் சூடு போயே போய்விடும்.

இனி உங்கள் நாலு பைக்கு வருகிறேன்.

அ கலங்கியது என்று தள்ளிவிடாதீர்கள். ஆறியதும் பால் விட்டாற்போல் கலங்குவதை 'கிரீம் ஆகிறது' என்போம். டீயில் துடிப்பும் (நாக்கில் சுள்ளென்று பிடிக்கும் குணம்) பளபளப்பும் கொடுக்கும் தியாஃபிளேவின், கஃபீனோடு சேர்ந்து குளிர்ந்ததும் பிரிந்து நிற்பதுதான் அந்தக் கலங்கல். திரும்பச் சூடு செய்து பாருங்கள், தெளிந்துவிடும். அழுக்கோ கலப்படமோ என்றால் தெளியாது. நம் நீலகிரி டீ பொதுவாக இப்படிக் கலங்காது, ஐஸ் டீ போடுபவர்கள் இதைத் தேடி வாங்குவதே அதனால்தான். ஆகவே உங்கள் அ கலவையில் அசாம் இலை நன்றாகவே சேர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. பெரிய கம்பெனிக் கலவை என்றாலே அப்படித்தான்: கட்டிக்கும் (வாயில் தெரியும் திடம்) நிறத்துக்கும் அசாம், வாசனைக்கு மலை டீ, விலையைச் சமன்செய்ய வேறு ஏதாவது. கலவை போடுபவரின் திறமை, வருடம் முழுவதும் ஒரே ருசியைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. மழைக்காலத்தில் வாங்கினாலும் பனிக்காலத்தில் வாங்கினாலும் டப்பா மாறியது தெரியக்கூடாது. அதனால் கலவை என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், அது ஒரு தனி வேலை.

ஆ நல்ல டீ, தப்பான வேலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். ஆர்த்தோடாக்ஸ் என்பது இலையை முறுக்கி உருட்டிச் செய்வது, சாறு மெதுவாக இறங்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனி விழும்போது பறித்த கொழுந்தானால் அந்தப் பூ வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும். அதில் பாலை ஊற்றினால் பாலில் உள்ள கேசின் புரதம் இருக்கிற துவர்ப்பையும் பிடித்துக்கொள்ளும், மிச்சம் என்ன இருக்கும்? மூன்று மடங்கு விலை கொடுத்து பால் பவுடரைத்தான் குடிக்கிறீர்கள்.

இ-யை அடுப்படிக் கத்திரியால் வெட்டி வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். உள்ளே மாவு போல் இருந்தால், உடனே சிவந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம், பொடி எவ்வளவு நைஸோ அவ்வளவு சீக்கிரம் நிறம் விடும். சாயம் ஏற்றியதா என்று பார்க்க, வடிதாளிலோ மையொற்றும் தாளிலோ கொஞ்சம் தூவி, தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துக் குழாயடியில் காட்டித் தூளைக் கழுவி விடுங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சாயத்தூள் கலந்தது திட்டுத் திட்டாகக் கறை விட்டிருக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையே வீட்டில் செய்யச் சொல்லும் சோதனைதான் இது. சாயம் இல்லை என்று வந்தாலும் வாயில் ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அது போதும் தள்ளிவிட.

ஈ பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஊட்டிக் கடைகளில் டீ, வர்க்கி, சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் ஒரே அலமாரி. உறையில்லாத டீப் பை பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும். உங்களுக்கு வந்த மருந்து வாசனை பெரும்பாலும் தைலம்தான். டேஸ்டிங் ரூமில் இதை 'டெயின்ட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அந்தச் சாம்பிளுக்கு அப்புறம் பேச்சே கிடையாது. எங்களை சென்ட் பூசிக்கொண்டு வரக்கூடாது என்பார்கள். ஏலக்காய், சாக்லேட் எசன்ஸ் ஏற்றிய டீயை வாங்கினால் கப்பை ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் குடியுங்கள். எசன்ஸ் முதலில் பறக்கும், அடியில் இருக்கும் டீ யாரென்று அப்போது தெரியும்.

---

சேரங்கோடு செல்வி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஃபேக்டரிப் பக்கமிருந்து கொஞ்சம். எங்கள் தாத்தா பாட்டி சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்து பந்தலூர் பக்கம் டான்டீயில் (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ஒரு சிடிசி ஃபேக்டரியில், அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி மணி மணியாக ஆக்கும் இடத்தில், சலிப்பு ரூமில் இருக்கிறேன்.

அக்கா, பையை வெட்டிக் கொட்டும்போது நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். தூளுக்கு நடுவே வெளிர் பழுப்பில் மெல்லிசாக நூல் நூலாகக் கிடக்கிறதா பாருங்கள். அது நார். முற்றின இலையும் காம்பும் சேர்ந்து வந்தால் நார் அதிகமாகும். டிரையரிலிருந்து வரும் தூள் பிளாஸ்டிக் உருளைகளுக்கு அடியில் ஓடும், உருளை கம்பளித் துணியில் உரசி உரசி மின்னேற்றம் ஆகியிருக்கும், அது நாரை மட்டும் மேலே இழுத்துக்கொள்ளும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டைத் தூக்கிக் காட்டுவோமே, அதே சங்கதிதான். இந்த வேலையைச் சரியாகச் செய்யாத தூளில் நார் தங்கிவிடும், டீ வைக்கோல் மாதிரி சப்பென்று இருக்கும்.

அப்புறம் சல்லடை. ஒரே நாள் இலை, ஒரே மிஷின், ஆனால் கண் அளவுக்குத் தகுந்தாற்போல் பல கிரேடாகப் பிரியும். டிப் பைக்குப் போவது பெக்கோ ஃபேனிங்ஸ், பெக்கோ டஸ்ட் மாதிரி நடுத்தரப் பொடி. அதைவிட நைஸானது காகிதத்தின் வழியே கசிந்து கப்பின் அடியில் சேறாக நிற்கும். சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் எல்லாம் கீழே டீக்கடைகளுக்குப் போகும். டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கினது என்று டூரிஸ்ட் கைடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக வரும். கூட்டிப் பெருக்கினது டீ வேஸ்ட், அதற்குச் சட்டமே தனியாக இருக்கிறது, குடிக்கும் டீயாக விற்பனைக்கு வரக்கூடாது. நல்ல கொழுந்தில் வந்த டஸ்ட் சுமாரான இலை டீயைவிட விலை போகும் நாளும் உண்டு.

கையில் நசுக்கிப் பார்ப்பதும் ஒரு வழி. நல்ல சிடிசி மணி மணியாகக் கறுப்புக் கலந்த பழுப்பில் இருக்கும், உள்ளங்கையில் கனம் தெரியும். சாம்பல் பூத்து இருந்தால் சலிப்பில் அதிகம் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம், மேலே படிந்திருந்த சாறு உதிர்ந்துபோயிருக்கும்.

---

அவிநாசி முருகேசன் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. குன்னூர் வரும்போதெல்லாம் அங்கே குடித்த அதே தூளை இரண்டு கிலோ வாங்கி வருகிறேன். இங்கே போர் தண்ணீரில் போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஏடு படிகிறது, நிறமும் கறுத்துப்போகிறது. தூளை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

---

குன்னூர் பழைய ஆள் எழுதியது:

தூள் அதேதான் சார், தண்ணீர்தான் மாறிவிட்டது. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் அதிகம். டீச்சாறு அதோடு சேர்ந்துதான் அந்த ஏடு. நிறம் கறுக்கும், துடிப்பு போய்விடும். மலையில் ஊற்றுத் தண்ணீர் மென்மையாக இருப்பதால் இங்கே தெரியாது. ஒரு தடவை கேன் தண்ணீரிலோ, கோயம்புத்தூரில் சொந்தக்காரர் இருந்தால் சிறுவாணித் தண்ணீரிலோ போட்டுப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் ஊருக்கு ஊர் வேறு கலவை அனுப்புவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். உப்புத் தண்ணீர் ஊருக்குக் கொஞ்சம் கடுப்பான கலவையாக வாங்குவது நல்லது, மணமான ஆர்த்தோடாக்ஸை அங்கே கொண்டுபோவது வீண்.

---

கோத்தகிரி ஹோம்ஸ்டே எழுதியது:

அண்ணா, செல்வி, ரொம்ப நன்றி. முதலில் மக்கை அளந்தேன். விளிம்பு வரை 320 மில்லி! என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் அழகாக இருக்கிறதென்று டஜன் கணக்கில் வாங்கி வந்தது. அவரிடம் காட்டினேன், "அப்போ ரெண்டு பை போடட்டும்" என்கிறார்.

சமையலறைத் தராசில் நிறுத்து, செல்போனில் 5 நிமிடம் வைத்து, எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். வெட்டிக் கொட்டியதில் ஆ-வில் சுருள் சுருளாக நிஜமான இலை இருந்தது, அ மணி மணியாக இருந்தது. இ மாவேதான், நடுவில் செல்வி சொன்ன நூல் நூலான நாரும். தாளில் கறை எதுவும் விடவில்லை. அ-வை ஆறவைத்துக் கலங்கவிட்டுச் சூடு செய்ததும் கண் முன்னால் தெளிந்தது.

பால் பவுடர் போட்ட கப்புகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தால் நிறமே வேறு வேறாக இருக்கிறது. அ நல்ல செம்மஞ்சள். இ ஒரு மாதிரி சாம்பல் கலந்த பழுப்பு. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? சமையலறைத் தூளுக்கும் இதையே செய்யலாமா, அது கொதிக்கவைப்பதாயிற்றே?

---

குன்னூர் பழைய ஆள் எழுதியது:

அர்த்தமா, பால் கலக்கும் டீக்கு அதுதானம்மா முக்கியமான பார்வை. தென்னிந்திய டஸ்ட் டீயை எங்கள் ரூமில் பால் விட்டும் பார்ப்பார்கள். அளவாகப் பால் விட்டதும் செம்மஞ்சளாகப் பளிச்சென்று எழும்பினால் துடிப்புள்ள டீ. சாம்பல் தட்டினால் இலை முற்றல், அல்லது ஃபேக்டரியில் இலையைப் புளிக்கவைத்தது எல்லை மீறிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தது ரொம்ப சரி, டேஸ்டிங் ரூமில் மேசையை ஜன்னலோரமாகப் போடுவதே அதற்காகத்தான். டியூப் லைட்டில் எல்லாம் நல்லவனாகத் தெரியும்.

தூளுக்கும் முதலில் இதே வெறும் டீச் சோதனை. அதில் தீய்ந்த வாசனையோ சாக்கு வாசனையோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேறியதை மட்டும் உங்கள் பால், உங்கள் பாத்திரம், வழக்கமாகக் கொதிக்கவைக்கும் நேரம் என்று அப்படியே போட்டுப் பாருங்கள். கொதிக்கும்போது மணம் பெரும்பாலும் ஆவியாகப் போய்விடும், கட்டியும் நிறமும்தான் நிற்கும். அதனால் சமையலறைக்கு மணத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ரேஷன் கடை ஊட்டி டீ நம் சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஃபேக்டரித் தூள், அதையும் வரிசையில் வையுங்கள். ஃபேக்டரியில் எடைபோட்டு வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அது அந்த வாரத்து டீ. அடுத்த மாதம் மழை பிடித்தால் ருசி மாறும். ஒரே ருசி வேண்டும் என்றால் பாக்கெட் கலவை, இல்லாவிட்டால் ஃபேக்டரித் தூளோடு கால் பங்கு கட்டியான தூளை நீங்களே கலந்து, எத்தனைக்கு எத்தனை என்று டப்பாவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அறைக்கு அ-வையே வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் தனி உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அலமாரியில் சோப்பு, கொசுவத்திப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மக்கை 180 மில்லிக்கு மாற்றுங்கள். பால் வேண்டாம் என்கிற விருந்தினருக்கு ஆ-வைப் பையாக வாங்குவதற்குப் பதில் அதே எஸ்டேட் இலையை உதிரியாக வாங்கி, சமையலறையிலிருந்து வடிகட்டியோடு சின்னக் கெண்டியில் அனுப்பினால் செலவும் குறையும்.

---

கோத்தகிரி ஹோம்ஸ்டே எழுதியது:

சரிங்கண்ணா. 180 மில்லி கப் கோத்தகிரி பஜாரிலேயே கிடைக்கிறது, இன்றைக்குச் சாயந்திரம் போகிறேன். பழைய மக்குகளை யாராவது சூப்புக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள்.